கணினி வாங்கும் முன் என்ன படிக்கலாம்? – கேள்வி பதில்

நூற்பாலை ஒன்றில் ஐ.டி. மேலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். நிர்வாகம் எங்களை வெறும் செலவாகவே பார்க்கிறது. எதில் தொடங்கலாம், ஐயா?

நாவலில் தொடங்குங்கள். ஜீன் கிம்மும் வேறு இருவரும் சேர்ந்து எழுதி 2013இல் வந்த ‘தி ஃபீனிக்ஸ் ப்ராஜெக்ட்’. வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் ஐ.டி. பிரிவு படும் பாடுதான் கதை. அதில் பிரென்ட் என்றொரு பொறியாளர். எந்த வேலையும் அவர் கை பட்டால்தான் நகரும். படிக்கும்போது உங்கள் ஆலையிலும் ஒரு முகம் நினைவுக்கு வரும். இலக்கியச் சுவை தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் வேலையை அது நான்காகப் பிரிப்பது அருமை: வியாபாரத் திட்டங்கள், ஐ.டி.யின் சொந்த வேலைகள், இருக்கும் கணினி அமைப்புகளில் செய்யும் மாற்றங்கள், திடீரென வந்து விழும் வேலைகள். உங்கள் ஆட்களின் ஒரு மாத உழைப்பை இந்த நான்கில் எழுதி நிர்வாகத்தின் முன் வையுங்கள். நான்காவது எவ்வளவு விழுங்குகிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.

நான் முதலாளி. கணினி தெரியாது, படிக்க நேரமும் இல்லை. ஒரே ஒரு கட்டுரை சொல்லுங்கள்.

ஜீன் ராஸ், பீட்டர் வைல் இருவரும் 2002 நவம்பரில் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதியது. ஐ.டி. ஆட்களிடம் விடக்கூடாத ஆறு முடிவுகளைச் சொல்கிறது. எவ்வளவு செலவழிப்பது, எந்த வேலைகளுக்கு அந்தப் பணம், எவை நிறுவனம் முழுவதற்கும் பொது, சேவை எவ்வளவு தரமாக இருக்க வேண்டும், பாதுகாப்பில் எந்த அபாயத்தை ஏற்பது, திட்டம் தோற்றால் யார் பொறுப்பு.

கடைசியை இரண்டு முறை படியுங்கள். நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒன்றில் ஈ.ஆர்.பி. வந்தது; கிடங்கு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள் அது. சரக்கு இறங்கியதும் பதிய வேண்டும் என்று கிடங்குக்காரரிடம் நான்தான் மன்றாடினேன். அவர் ஏன் என் பேச்சைக் கேட்க வேண்டும்? மாலையில் மொத்தமாகப் பதிந்தார். கணினியில் இருப்பு இல்லை என்று பார்த்த கொள்முதல் பிரிவு மறுபடியும் ஆர்டர் போட்டது. பழி மென்பொருளின் மேல் விழுந்தது. கிடங்கு, கொள்முதல் இரண்டுக்கும் மேலே இருந்த ஒருவர் ‘இது என் திட்டம்’ என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

எம்.பி.ஏ. மாணவி நான். ஹெண்டர்சன், வெங்கட்ராமன் மாதிரியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் உதவுமா?

1993இல் ஐ.பி.எம். ஆய்விதழில் வந்த கட்டுரை அது. வியாபாரமும் ஐ.டி.யும் ஒத்துப்போவது எப்படி என்பதுதான் பொருள். வியாபார உத்தி, ஐ.டி. உத்தி, இரண்டுக்கும் கீழே அதனதன் உள்கட்டமைப்பு என்று நான்கு கட்டங்கள். தேர்வுக்கு உதவும். வேலையில் சேர்ந்து ஒரு திட்டம் கவிழ்வதைப் பார்த்தபின் மறுபடி படியுங்கள். அப்போதுதான் கட்டங்களுக்கு உயிர் வரும்.

ஐ.டி.யால் பெரிய பயனில்லை என்று நிக்கலஸ் கார் சொன்னாரே, அவரையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம். ஆனால் அவர் சொன்னது அதுவல்ல. மின்சாரத்தையும் ரயிலையும் போல ஐ.டி.யும் எல்லோருக்கும் கிடைக்கும் பொருளாகிவிட்டால், அது தனி ஒரு நிறுவனத்துக்கு மேல்கை தராது என்றார். 2003 மே மாதக் கட்டுரை. குறைவாகச் செலவிடு, முந்தாதே, பலவீனங்களைக் கவனி என்ற அவருடைய அறிவுரை ஐ.டி. ஆட்களுக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது. கணினித் திறனை இணையம் வழியே யாரும் வாடகைக்கு எடுக்கும் மேகக் கணிமை வந்தபின் பாதி சரி என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்துக்கு நூற்பாலை, பால் பண்ணை, பள்ளி மூன்றும் உண்டு. ஒரே மென்பொருள் போதுமா?

ராஸ், வைல், ராபர்ட்சன் மூவரும் 2006இல் எழுதிய ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் ஆஸ் ஸ்ட்ராட்டஜி’யின் இரண்டாம் அத்தியாயம் உங்களுக்கானது. இரண்டே கேள்விகள்: ஒரு தொழிலின் தகவல் மற்றொன்றுக்குத் தேவையா? வேலை நடக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றா? கிளைதோறும் ஒரே சாம்பார் வைக்கும் ஓட்டலுக்கு இரண்டாவதற்கு ‘ஆம்’. உங்களுக்கு இரண்டுமே ‘இல்லை’. கணக்கும் சம்பளமும் பொதுவாக இருக்கட்டும், மற்றவை தனித்தனியே போகட்டும். ‘ஒரே தீர்வு’ என்று விற்க வருபவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.