ஒண்ணரை லட்சத்துக்கு தண்ணி மெஷின், அம்மாவோட சுகர் குறையுமா?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 62 வயசு, 14 வருஷமா சுகர், பிபி ரெண்டும் இருக்கு, போன மாசம் கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் 2.1 வந்துச்சு, அது அதிகம்னாங்க. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஆல்கலைன் (காரத்தன்மை உள்ள) தண்ணி மெஷின் டெமோ காட்டினாரு, விலை ஒண்ணரை லட்சம். தினம் நாலு லிட்டர் குடிச்சா மூணே மாசத்துல மாத்திரைய நிறுத்திடலாம்னு சொல்றாரு. அம்மா வளையல அடகு வெச்சாவது வாங்கணும்னு நிக்கிறாங்க. என்ன பண்றது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வளையல் பீரோவுலயே இருக்கட்டும்மா. அம்மாவோட மாத்திரை ஒரு வேளை கூட நிக்கக்கூடாது. இத மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வந்து மீதிய படிங்க.

அந்த டெமோ எங்க வீட்டு டைனிங் டேபிள்லயே நடந்திருக்கு. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல மெஷின் தண்ணி, இன்னொண்ணுல கேன் தண்ணி, ஒரு குட்டி பாட்டில்ல இருந்து ரெண்டு ரெண்டு சொட்டு விட்டாரு, மெஷின் தண்ணி நீலமாச்சு, கேன் தண்ணி மஞ்சளாச்சு, எங்க மாமியார் பதறிப்போய் இத்தன நாளா இந்த மஞ்சத் தண்ணியவா குடிச்சோம்னு கேட்டாங்க. நான் அடுப்படியில இருந்து ஆப்ப சோடா டப்பாவ எடுத்துட்டு வந்து ஒரு சிட்டிகை அந்த மஞ்ச டம்ளர்ல போட்டுக் கலக்கினேன். அதுவும் நீலமாயிடுச்சு. அந்த சொட்டு மருந்து காட்டுறது தண்ணி புளிப்புப் பக்கமா காரப் பக்கமாங்கறத மட்டும்தான், அதுல நோயும் தெரியாது மருந்தும் தெரியாது. (அதுக்காக ஆப்ப சோடாவ கரைச்சு அம்மாவுக்குக் குடுத்துடாதீங்க, அதுல இருக்குற சோடியம் பிபிக்கு ஆகாது.)

இப்ப வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. இரைப்பைல சுரக்குறது நல்ல கடுமையான அமிலம், பிஹெச் (புளிப்பு, கார அளவு; 7க்குக் கீழ அமிலம், மேல காரம்) 1.5ல இருந்து 3.5 வரைக்கும் இருக்கும். மெஷின் தண்ணி பிஹெச் 9.5ன்னு வெச்சுக்குவோம், அதுல வேற உப்பு எதுவும் கரையலன்னு கணக்கு போட்டா, அந்த ஒரு லிட்டரோட காரத்த முறிக்க 1.5 பிஹெச் அமிலம் ஒரே ஒரு மில்லி போதும். உப்புத் தண்ணியா இருந்தா இதவிட நிறையவே கூட ஆகும், அதையும் இரைப்பை சுரந்துடும். ரத்தத்தோட பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவுல நிக்கணும், அத நிறுத்துறது நுரையீரலும் கிட்னியும். நீங்க எந்தத் தண்ணி குடிச்சாலும் அதுங்க தன் வேலைய செஞ்சு ரத்தத்த அங்கயேதான் கொண்டுவந்து வெக்கும்.

கிட்னி பலவீனமானவங்களுக்கு ரத்தத்துல அமிலம் சேர்றது நிஜம்தான், அந்த ஒரு உண்மைய பிடிச்சுக்கிட்டுதான் இந்த வியாபாரமே ஓடுது. ஆனா அதுக்கு ரத்தத்துல அமிலத்த முறிக்குற பைகார்பனேட் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்து, தேவைன்னா சோடியம் பைகார்பனேட் மாத்திரைய டாக்டர் அளந்து குடுப்பாங்க, விலையும் ரொம்பக் கம்மி.

ஜப்பான்ல கவர்மென்ட் அனுமதி குடுத்திருக்குன்னு சொல்லியிருப்பாரே? குடுத்திருக்காங்க, 1965ல, வயித்துத் தொந்தரவுகளுக்காக. சுகருக்கோ கிட்னிக்கோ இல்ல. அந்த ஊரு மெஷின் மேனுவல்லயே கிட்னி ஃபெயிலியர் உள்ளவங்க இத குடிக்க வேண்டாம்னு எச்சரிக்கை இருக்கும், டெமோ காட்டுறவங்க அந்தப் பக்கத்த திருப்புறதே இல்ல. நம்ம நாட்டுலயும் 1954ல வந்த மருந்து விளம்பரச் சட்டத்துல, மருந்துன்னு சொல்லி இதெல்லாம் குணமாகும்னு விளம்பரம் பண்ணக் கூடாத நோய்கள் பட்டியல்ல சுகர், பிபி ரெண்டும் இருக்கு.

எனக்கு பயமே அந்த நாலு லிட்டர்தான். கிட்னி சரியா பிரிக்கலன்னா அவ்வளவு தண்ணியும் கால்ல வீக்கமா, நெஞ்சுல மூச்சுத் திணறலா நிக்கும், ரத்தத்துல சோடியம் இறங்கி ஆளே தடுமாறுவாங்க. அதுக்கும் மேல மாத்திரைய நிறுத்துறது. பிபிக்கு குடுக்குற சில மாத்திரைங்கதான் கிட்னியவும் சேர்த்துக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. கொரோனாவுக்கு முந்தி ஒரு லாரி டிரைவர் வந்தாரு, இப்படி ஒரு தண்ணிய நம்பி அஞ்சு வாரம் இன்சுலின் போடல, சுகர் 480, கால் கட்டைவிரல் கருத்துப்போயிருந்துச்சு. விரல எடுக்க வேண்டியதாயிடுச்சு. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் "தண்ணிதானே சார், அது என்ன பண்ணும்"னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவர் சொன்னது சரிதான், தண்ணி ஒண்ணும் பண்ணல.

குடிச்சதுக்கப்புறம் எனக்கு சுகர் குறைஞ்சுச்சேன்னு சிலர் சொல்றாங்க, பொய்யும் இல்ல. நாலு வேளை சர்க்கரை போட்ட காபிய விட்டுட்டு தண்ணி குடிச்சா குழாய்த் தண்ணிலயும் குறையும்.

கேள்வி: ஹைட்ரஜன் வாட்டர் பாட்டில், சார்ஜ் போட்டா குமிழி வருதே, அது மூட்டு வாதத்துக்கு நல்லதா?
- வாசகர், ஈரோடு

பதில்: சாதாரணமா ஒரு லிட்டர் தண்ணில ஹைட்ரஜன் 1.6 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், மூடியத் திறந்து வெச்சா அதுவும் போயிடும். ஆய்வுகள் நடந்திருக்கு, பெரும்பாலும் கொஞ்சப் பேர வெச்சு கொஞ்ச நாள் பார்த்தது. வாதத்துக்கு எழுதிக் குடுத்த மருந்த விடாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். ஸ்பெஷலா சுத்திகரிச்ச தண்ணி வாங்கிக் குடுக்கணுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்பெஷல் தண்ணி நிஜமாவே தேவைப்படுற இடம் ஒண்ணு இருக்கு, டயாலிசிஸ்ல அப்பா படுத்திருக்குற கட்டில் பக்கத்துல நின்னு ரத்தத்த சுத்தம் பண்ற அந்த மெஷின். நிமிஷத்துக்கு அரை லிட்டர்னு நாலு மணி நேரத்துல 120 லிட்டர், ரத்தத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மெல்லிய சவ்வுதான். அதனாலதான் அங்க கார்பன் ஃபில்டர், ஆர்ஓன்னு அத்தன அடுக்கு வெச்சு வடிக்கிறாங்க. 1996ல பிரேசில்ல கருவாரு ஊர்ல ஒரு டயாலிசிஸ் சென்டர்ல பாசி நஞ்சு கலந்த தண்ணி போய் 50 பேருக்கு மேல செத்தாங்க. உங்க சென்டர்ல தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

குடிக்கிறதுக்கு வீட்ல காய்ச்சி ஆற வெச்ச நல்ல தண்ணி போதும். அவருக்கு எந்தத் தண்ணிங்கறத விட எவ்வளவுங்கறதுதான் முக்கியம், அந்த அளவ அவரோட டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. காபி, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அதுல சேரும். காலையில அந்த அளவுக்கு ஒரு பாட்டில நிரப்பி வெச்சுடுங்க, அப்பா அரை டம்ளர் ரசம் குடிச்சா பாட்டில்ல இருந்து அரை டம்ளர் தண்ணிய செடிக்கு ஊத்திடுங்க, ராத்திரி வரைக்கும் இன்னும் எவ்வளவு இருக்குன்னு அவரே பார்த்துக்குவாரு.