பெட்ரோல் டேங்கில் சர்க்கரை போட்டால் இன்ஜின் போய்விடுமா?

போகாது. சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகும் ரோட்டோரம் பதினெட்டு வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். "எவனோ டேங்குல அஸ்காவைக் கொட்டிட்டான்" என்று வந்த வண்டிகள் பத்துக்கு மேல் இருக்கும். இறக்கிப் பார்த்ததில் ஒன்றில்கூடச் சர்க்கரை இருந்ததில்லை.

போன ஐப்பசியில் ஏற்காட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார். சேலத்தில் வேலை முடித்து மேலே திரும்பும்போது, எட்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு. "சர்க்கரைதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு தம்பி, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"ஐயா, முதல்ல இறக்கிப் பார்த்துடலாம்" என்று டேங்கில் இருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தனியாக ஒரு நீர், அதற்கும் கீழே துருப்பொடி. குலுக்கினால் அந்த நீர் முத்து முத்தாக உடைந்து, மறுபடி அடியில் போய்ச் சேர்ந்தது.

அவருக்கு மனசு ஆறவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு ஸ்பூன் சர்க்கரை வாங்கி, வேறு பாட்டிலில் நல்ல பெட்ரோல் ஊற்றி, அதில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். நன்றாகக் குலுக்கினார். போட்ட சர்க்கரை போட்டபடி அடியில் படிந்தது. வடித்துவிட்டு விரலால் நெருடிப் பார்த்தார். ஆற்று மணல் மாதிரி நறநறவென்று இருந்தது.

1994-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தடயவியல் பேராசிரியர் ஜான் தார்ன்டன் இதைக் கதிரியக்கக் கார்பன் கலந்த சர்க்கரையை வைத்தே அளந்து பார்த்தார். 57 லிட்டர் பெட்ரோலில் ஒரு டீஸ்பூன்கூட முழுதாகக் கரையவில்லை. சர்க்கரை பாகாகி பிஸ்டனை ஒட்டிவிடும் என்பதெல்லாம் கதை. நிறையக் கொட்டினால் பம்பின் சல்லடையும் ஃபில்டரும் அடைத்து வண்டி நிற்கும். டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றினால் ஓடும்.

உண்மையான எதிரி தண்ணீர்தான். பெரியவர் வண்டியை சில்வர் ஓக் மரத்தடியில் மழையிலேயே விட்டிருந்தார். டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைநீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதில் இலைச்சருகு மக்கி அடைத்திருந்தது. பழைய கிளட்ச் கேபிள் கம்பியை விட்டுக் குத்தினேன், கறுப்புச் சேறாக வந்தது. மூடியின் ரப்பரும் வெடித்துப் போயிருந்தது. தேங்கிய மழை அப்படியே உள்ளே இறங்கியிருக்கிறது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்த பாட்டிலில் அடியில் நின்றது வெறும் மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. சமதளத்தில் ஒரு ஓரமாகக் கிடந்தது, மேடு ஏறி டேங்க் சாய்ந்ததும் பம்ப் உறிஞ்சும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மூன்று மணி நேர வேலை. மாலையே மேலே ஏறிப் போய்விட்டார்.

பெட்ரோலில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால் பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. அதில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். கருமையாகக் கறை நின்றால் விடாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும், கரியும் படியும்.

ஆனால் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் சர்க்கரைக்குப் பயப்படுவதை விட, பங்கில் டீசலுக்குப் பதில் தவறிப்போய்ப் பெட்ரோல் அடித்துவிடுவதற்குப் பயப்பட வேண்டும். டீசலை அழுத்தி அனுப்பும் ஹைபிரஷர் பம்புக்கு டீசலே எண்ணெய்ப் பசை. பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவிவிட்டால் இரும்போடு இரும்பு உரசி, அந்தத் தூள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும், செலவு பெரிதாகும். அடித்தது தெரிந்த உடனே சாவியைத் தொடாமல், வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்தி டேங்கை இறக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் டேங்க் கழுவும் செலவோடு போகும்.