ஏசி இல்லாமல், காற்றோட்டத்தை நம்பி வீடு கட்டலாமா?

"புதிதாக வீடு கட்டப் போகிறேன். பெரிய ஜன்னல்களாக வைத்துவிட்டால் ஏசி இல்லாமல் சமாளிக்கலாமா, மின் கட்டணம் குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பொறியாளரும் எங்கள் பொறியாளரைப் போலத்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஜன்னல் எவ்வளவு பெரியது என்பதைவிட, நுழைந்த காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் கேளுங்கள்.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று எங்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பிற்பகல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதனால் மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம் என்றார் பொறியாளர். வாஸ்து பார்த்தவரும் அதையே சொன்னார்; அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நான் மசியவில்லை. சாயும் வெயிலுக்கு சன்ஷேடு போதாது என்பதால், பலகைகளைச் சாய்வாக அடுக்கிய மரக் கதவு போடச் சொன்னேன். வெயில் மறையும், காற்று நுழையும்.

கூரை போட்டு முடித்து, பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு திறப்பிலும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். "திருஷ்டிக்குங்களா?" என்றார் மேஸ்திரி. கூடத்தில் துணி படபடத்தது. படுக்கையறையிலோ, மேற்கே நாலடித் திறப்பு இருந்தும், ஆடாமல் அசையாமல் தொங்கியது. எதிர்ப்பக்கம் வழியில்லை, உள்ளே இருக்கும் காற்று போகாமல் புதுக் காற்று எங்கே வரும்? கூடத்தை ஒட்டிய சுவரில், கதவுக்கு மேலே உடைத்து வென்டிலேட்டர் வைக்கச் சொன்னேன். "அங்கே பரண் வருதுங்களே" என்று தயங்கினார். பரண் வேண்டாம் என்றேன். (என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.) சுவரில் ஓட்டை விழுந்ததுமே துணி அறைக்குள் எழும்பியது. சூடான காற்று மேலே ஏறுவதால், மேல்காற்று அடங்கிய நாளிலும் அந்த வென்டிலேட்டர் வேலை செய்கிறது.

உடனே "சித்திரை வெயிலில் வந்து பாருங்கள்" என்று பின்னூட்டம் போட வருவீர்கள். தெரியும். வெளியே கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்தால் அனலை வீட்டுக்குள் அழைப்பதாகத்தான் ஆகும். நாங்கள் காலை பதினொரு மணிக்கெல்லாம் சாத்திவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திறந்து, இரவு முழுக்கத் திறந்தே வைக்கிறோம். கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில்தான் கக்கும். அதை வெளியேற்ற இரவுக் காற்று வேண்டும். கொசுவலை அடித்தால் காற்று குறையும், ஆகவே ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாக வையுங்கள். நான் ஏசிக்கு எதிரி அல்லன். சென்னையில் மூன்று பக்கமும் அடைபட்ட அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் மைத்துனரிடம் இந்த உபதேசத்தைச் செய்ய மாட்டேன்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஓடினால் ஏறக்குறைய 1500 வாட். பழைய மின்விசிறி 75 வாட். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புதிய பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவுதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்கில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வருபவர் நாள் தள்ளித்தான் வருவார். அந்தக் கூடுதல் நாட்களின் யூனிட்டும் நம் தலையில்தான். கேட்டால், "இன்னும் நாலு ஊர் பார்க்க வேண்டாமா சார்?" என்கிறார். விசிறியில் மிச்சம் பிடித்ததை அவருடைய தாமதம் விழுங்குகிறது. இதற்கு எந்தத் திசையில் ஜன்னல் வைப்பது?

உங்கள் ஊரையும் நீங்கள் சொல்லவில்லை, மனைக்குப் பக்கத்தில் காலி இடமா கட்டடமா என்பதையும் சொல்லவில்லை. காலி இடமாக இருந்தால், நாளைக்கு அந்த இடத்துக்காரர் வேலியை ஒட்டி மாடி எழுப்புவார் என்றே எடுத்துக்கொண்டு வரைபடம் போடுங்கள்.