மறு: இருமலைச் சொல்ல வாயெடுத்தாலே டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்
பிரஷர் மாத்திரையான எனலாப்ரில் ஆரம்பித்த மூன்றாம் வாரத்தில் வறட்டு இருமல் வந்தது என்கிறீர்கள். உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுவாக இருக்கட்டும்: "மாத்திரை தொடங்கிய தேதி இது, இருமல் தொடங்கிய தேதி இது. மாத்திரையால் இருக்குமா?" எழுந்திருக்கும்போது சொன்னால் சிரப்தான் கிடைக்கும். தேதிகளைத் துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். சளி, காய்ச்சல் இல்லை, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதும் அதில் வேண்டும்.

இந்த வகை மாத்திரைக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்கவிளைவுதான். லோசார்டான் போன்ற மாற்று உண்டு. "மாற்றலாமா? வேண்டாமென்றால் ஏன்?" என்று கேளுங்கள். இருமலுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் ஏறிவிடும். மாற்றினாலும் அடங்கச் சில வாரம் பிடிக்கும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரை போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.