சிறிய கட்சிகள் ஒரே பிரச்சினையைப் பேச வேண்டுமா, எல்லாவற்றையும் பேச வேண்டுமா?

நீங்களும் ஏதோ ஒரு சிறிய கட்சியில் இருந்து அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் ஒன்றைப் பிடியுங்கள். ஆனால் அது ஓட்டுப் போடுகிறவர் வீட்டு வாசலில் இருக்கிற பிரச்சினையாக இருக்க வேண்டும்.

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், கொங்குப் பக்கம் ஒரு நகராட்சி வார்டில் எங்கள் வேட்பாளருக்காக வேலை பார்த்தேன். பெண்கள் வார்டு. அந்த அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவர். கட்சி அனுப்பிய நோட்டீஸில் நதிநீர் இணைப்பு முதல் நீட் வரை எல்லாமே இருந்தது. முதல் தெருவிலேயே ஒரு பாட்டி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சாமி, தண்ணி என்னைக்கு வரும்னு சொல்லு" என்றார். அங்கே பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அதுவும் ராத்திரி ஒரு மணியா, மூன்று மணியா என்று தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு விழித்திருப்பார்கள். அதற்கப்புறம் அக்கா வேறு எதையுமே பேசவில்லை. தண்ணீர் விடும் தேதியையும் நேரத்தையும் தெருமுனையில் போர்டு வைத்து எழுத வைப்பேன், அவ்வளவுதான். ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு பைசா கொடுக்காமல் இரண்டாம் இடம் வந்தோம். எனக்கு அது இன்றும் பெருமைதான்.

ஒரு வார்டை வைத்து அரசியல் பேசாதே என்பார்கள். சரி, டெல்லியைப் பாருங்கள். நான் ஆம் ஆத்மிக்காரன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழல் எதிர்ப்பை வைத்து 2012-ல் தொடங்கிய கட்சி அது. 2013 தேர்தலில் கரண்ட் பில் பாதியாகும், வீட்டுக்குத் தினம் 700 லிட்டர் தண்ணீர் இலவசம் என்று வாசலுக்கு வந்தார்கள். 70-ல் 28 இடம். இங்கே பா.ம.க. 2016-ல் தனியாக நின்று எல்லாத் துறைக்கும் திட்டம் வைத்தது, ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. திட்டங்கள் மோசம் என்று சொல்லவில்லை. சாதி, பணம், கூட்டணி எல்லாம் காரணம் என்பதும் தெரியும். ஆனால் சிறிய கட்சிக்காரன் பேச்சை வாசலில் நின்று இரண்டு நிமிடம்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சின்னம். அந்த 2022 தேர்தலில் மனுவைத் திரும்பப் பெற பிப்ரவரி 7 கடைசி நாள், எங்களுக்குச் சின்னம் உறுதியானதே அப்போதுதான். ஓட்டுப்பதிவு 19. நடுவில் இருக்கிற நாட்களில் ஒரு புதுச் சின்னத்தை வீடு வீடாகப் பதிய வைக்க வேண்டும். நாம் தமிழருக்கே 2024-ல் கரும்பு விவசாயி போய் மைக் வந்தது. பெரிய கட்சிகளுக்கு இந்தப் பாடே இல்லை. முதலில் இதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் எங்களிடம் கொள்கை கேளுங்கள்.