காக்கடு பயணம்: கேள்வி பதில்

கார்த்திக், மெல்பர்ன்: ஜனவரியில் பிள்ளைகளுக்கு விடுமுறை. வட ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவுக்கு அப்போது போகலாமா?

போகலாம். ஆனால் ஜிம் ஜிம், ட்வின் அருவிகளுக்குப் போகும் மண்பாதை அடைத்திருக்கும். விமானத்தில் மேலிருந்து பார்ப்பதோடு சரி. அந்த மண்ணுக்குரிய பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். ஜனவரி, மழை கொட்டும் குட்ஜெவ்க். மே, ஜூனில் வருவது யெக்கே. காலையில் மூடுபனி, இதமான குளிர். எனக்குப் பிடித்தது அதுதான். அப்போது எங்காவது புகை தெரிந்தால் பதற வேண்டாம். புல்லைத் துண்டு துண்டாக அவர்களே கொளுத்துகிறார்கள். இல்லாவிட்டால் வறட்சி முற்றும்போது பெருந்தீ பிடிக்கும்.

சரவணன், கோவை: அருவிகளில் குளிக்கலாமா?

உப்புநீர் முதலை உள்ள ஊர். பூங்கா அனுமதித்திருக்கும் இடம் தவிர எங்கும் காலை நனைக்காதீர்கள்.

நதியா, சென்னை: பழங்குடி மக்களே நடத்தும் சுற்றுலாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். புள்ளி ஓவியத்தைப் போட்டு விற்பார்கள். அது நடுப் பாலைவனத்துப் பாணி. காக்கடுவின் உபிர் பாறைகளில் இருப்பது மீனின் எலும்பும் குடலும் தெரியும் 'எக்ஸ்ரே' ஓவியம். பதிவு செய்யும் முன் மூன்று கேளுங்கள்: நிறுவனம் யாருக்குச் சொந்தம், போகிற நிலம் யாருடையது, வழிகாட்டி எந்தக் குலம்? மழுப்பினால் விட்டுவிடுங்கள். யெல்லோ வாட்டர் படகுப் பயணம் பழங்குடி அமைப்புக்குச் சொந்தம். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றில் குலுயம்பி படகில் பழங்குடி வழிகாட்டியே பேசுவார்; எதிர்க்கரையில் ஈட்டி எறிந்தும் காட்டுவார். பூங்காவை ஆளும் குழுவின் 15 பேரில் 10 பேர் மண்ணின் உரிமையாளர்கள். பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரு ஊரின் நிலமும் 2021-ல் அதன் பழங்குடி உரிமையாளர்களான மிரார் மக்களிடம் திரும்பியது.

ரமேஷ், சிட்னி: அதனால்தான் நினைத்த இடத்தையெல்லாம் மூடுகிறார்கள். கன்லோம் அருவியை 2019-ல் மூடினார்களே. பணம் கட்டி வருகிறவன் என்ன செய்வான்?

ரமேஷ், கதையைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள். சட்டப்படி வாங்க வேண்டிய சான்றிதழ் இல்லாமல், புனித இடத்தை ஒட்டி நடைபாதை போட்டது பூங்கா நிர்வாகமே. அந்த இடத்துக்குரிய ஜாவோயின் மக்கள் எதிர்த்தார்கள், இடம் மூடப்பட்டது, நிர்வாகத்தின் மேல் குற்ற வழக்கும் வந்தது. அரசு அமைப்பின் மேல் இந்தக் குற்ற வழக்கே செல்லாது என்ற வாதம் ஆஸ்திரேலியாவின் உச்ச அமர்வான ஹைகோர்ட் வரை போய், 2024-ல் தோற்றது.

ரமேஷ்: அருவி எல்லோருக்கும் பொதுதானே?

உங்கள் குலதெய்வக் கோயில் கருவறையை ஒட்டி, கேட்காமல் ஒருவர் படிக்கட்டு கட்டினால் 'பொது' என்று விடுவீர்களா? நீங்கள் சண்டை போட வேண்டியது பாதை போட்டவர்களோடு.

தேவி, திருச்சி: முதலை தெரியாத இடத்தில் குளிக்கலாமா?

சரவணனுக்குச் சொன்னதைப் படியுங்கள். தெரிகிற முதலையை விடத் தெரியாததுதான் ஆபத்து.

மோகன், பெர்த்: சைவச் சாப்பாடு?

டார்வினிலேயே வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜபிருவுக்கு 250 கிலோமீட்டர்.

பிரியா, டார்வின்: ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றுத் தரைப்பாலமான கேஹில்ஸ் கிராசிங்கைத் தாண்டி, பழங்குடி மக்களின் நிலமான ஆர்னம் லேண்டுக்குள் காரில் போக ஆசை. ஆழமில்லாத இடத்தில் இறங்கி...

இறங்காதீர்கள்! பழங்குடி நிலங்களைக் கவனிக்கும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலில் முதலில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் ஓதம் ஏறும்போது அந்தத் தரைப்பாலத்தில் வண்டியையே வெள்ளம் இழுத்துப் போயிருக்கிறது. மீனைத் தேடி முதலைகள் கூடுவதும் அங்கேதான். ஓதம் வடியட்டும், நல்ல உயரமான நான்கு சக்கர இயக்க வண்டியில் கடந்து போங்கள்.