பெரிய டிவி வாங்கப் போகிறீர்களா? டர்பன் வாசகர்களின் கேள்விகள்

கே: ஓஎல்இடி, கியூஎல்இடி இரண்டும் ஒன்றுதானே? (சாட்ஸ்வர்த்)

பெயர்தான் ஒட்டிப் பிறந்தது. கியூஎல்இடி நம் பழைய எல்சிடிதான். பின்னால் விளக்கு எரியும், குவாண்டம் டாட் படலம் நிறத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால்தான் அதன் கறுப்பு உண்மையான கறுப்பு.

கே: ஹாலில் பெரிய கண்ணாடிக் கதவு, மாலை வரை வெயில். எதை வாங்கலாம்? (ஃபீனிக்ஸ்)

மினி எல்இடி. இதிலும் பின்விளக்கு உண்டு, ஆனால் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள். பகுதி பகுதியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். டர்பன் வெயிலுக்கு ஈடு கொடுக்கும். இருண்ட வானத்தில் நிலாவைச் சுற்றி லேசாக ஒளி கசியலாம், அவ்வளவுதான். கடையில் பளிச்சென்று தெரிவதை நம்பிவிடாதீர்கள். அங்கே ‘ஷோரூம் மோட்’ போட்டிருப்பார்கள்.

கே: அப்பா நாள் முழுக்க கிரிக்கெட்டும் செய்தியும் பார்ப்பார். ஓஎல்இடியில் தடம் பதிந்துவிடுமாமே? (டோங்காட்)

பதியலாம். ஸ்கோர் பட்டையும் சேனல் முத்திரையும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால், அங்குள்ள புள்ளிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். இதைச் சமாளிக்கத்தான், சில மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும், திரை தானே ஒரு பராமரிப்பு வேலை செய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும்! நாமோ லோட் ஷெட்டிங் பயத்தில் சுவர் சுவிட்சையே அணைத்துப் பழகிவிட்டோம். (எங்கள் அம்மாவை இன்னும் திருத்த முடியவில்லை.) மின்சாரம் திரும்பும்போது வரும் மின்னெழுச்சிக்கு சர்ஜ் பிளக் போடுங்கள், சுவிட்சை அப்படியே விடுங்கள். இரவில் மட்டும் படம் பார்க்கும் வீடென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓஎல்இடி என்பேன். உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

கே: சோபா இரண்டரை மீட்டர் தள்ளி. 65 அங்குலமா, 75ஆ? (மெரிபேங்க்)

4கே படமானால் 75 கூட உறுத்தாது. ஆனால் அதன் அகலம் கிட்டத்தட்ட 167 செ.மீ. பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்தில் இருக்கும், முதலில் டிவி மேசையை அளந்துவிடுங்கள். அப்புறம், கடைக்குப் போகும்போது டிவி லைசென்ஸ் விவரத்தை எடுத்துப் போங்கள். அது இல்லாமல் புது டிவி விற்கக் கூடாது.